‘இல்லையெனில்’ என்று எழுதுமுன்

சென்ற மாதம், ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கான வரைபடங்களை நெறியாளருக்கு அனுப்புவதற்கு முந்தின இரவு, ஒரு வரைபடம் என்னைத் தடுத்து நிறுத்திற்று. எல்லையோரத் தமிழ்ப் பேச்சில் தெலுங்கு வினைமுடிபுகள் எந்த அளவுக்குக் கலந்து வருகின்றன என்பதைக் காட்டும் படம் அது. ஆந்திரப் பக்கத்து ஊர்களைவிடத் தமிழகப் பக்கத்து ஊர்களில்தான் கலப்பு மிகுதி என்று அது சொல்லியது. கார்வேட்டிநகரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிப்பட்டுச் சந்தையிலும் திருத்தணிப் பேருந்து நிலையத்திலும் கேட்ட பேச்சு என் காதில் இன்னும் இருக்கிறது. படம் பொய் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கே பொய் சொல்கிறது என்பது தெரியவில்லை.

விடியும்வரை தேடினேன். ஒலிப்பதிவுகளில் பிழையில்லை, எழுத்துப்பெயர்ப்பிலும் பிழையில்லை. நானே 2019இல், முதுகலை மாணவனாக இருந்தபோது எழுதிய நிரலில் நான்கே வரிகள்:

மாவட்டம் = சித்தூர் எனில்
  ஆந்திரத் தமிழ்
இல்லையெனில்
  தமிழகத் தமிழ்

எழுதிய நாளில் இது முற்றிலும் சரி. களப்பணி செய்த ஊர்கள் நான்கு. கார்வேட்டிநகரமும் புத்தூரும் சித்தூர் மாவட்டம். பள்ளிப்பட்டும் திருத்தணியும் திருவள்ளூர் மாவட்டம். இரண்டே இரண்டு மாவட்டங்கள். ஒன்று இல்லையென்றால் மற்றொன்று. பிறகு 2022 ஏப்ரலில் ஆந்திர அரசு பதின்மூன்று மாவட்டங்களை இருபத்தாறாக்கியது. திருப்பதி தனி மாவட்டமாயிற்று. புத்தூர் அதனுள் போயிற்று. கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே நின்றது. மறு ஆண்டு புத்தூரில் எடுத்த பதிவுகளுக்கு, நேர்மையாக, ‘திருப்பதி’ என்று மாவட்டப் பெயர் எழுதினேன். என் நிரல் அவற்றைப் பார்த்தது. ‘சித்தூர் இல்லை’ என்று கண்டது. அத்தனை பேரையும் ஒரு சொல்லும் சொல்லாமல் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டது.

எல்லை வரைவதில் எங்கள் பகுதிக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது முதல் சித்தூர் மாவட்டத்தின் தமிழ் ஊர்கள் யாருக்கு என்ற வழக்கு நடந்தது. படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. வேறு சில பகுதிகள் அந்தப் பக்கம் போயின. அந்த எல்லையை வரைந்தவர்கள் ஊர் ஊராக வாதாடித்தான் வரைந்தார்கள். நானோ ‘இல்லையெனில்’ என்ற ஒரே சொல்லால் புத்தூரை மாநிலம் கடத்திவிட்டேன். கம்பைலர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தெரிவிக்கும்படி நான் எழுதியிருக்கவுமில்லை.

இந்தப் பதிவு அந்தச் சொல்லைப் பற்றியது. மொழியியல் படித்துவிட்டு நிரல் எழுத வந்த நண்பர்களுக்கும், நிரல் கற்றுத் தமிழ்க் கணிமைக்குள் நுழையும் தம்பி தங்கையருக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: இன்றைய நிரல்மொழிகளில் ‘வடிவப் பொருத்தம்’ என்று ஒரு வகை நிபந்தனைத் தொடர் இருக்கிறது. அதைப் புதுப்பாணி என்று ஒதுக்காதீர்கள். எழுத்தைச் சுருக்குவது அதன் சிறிய நன்மை. எவரையும் கணக்கில் விடாதிருக்க அது நம்மை வற்புறுத்துவதே பெரிய நன்மை.

*

முதலில் அது என்னவென்று பார்ப்போம். வழக்கமான ‘இஃப்’ தொடர் ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று மட்டும் கேட்கும். விடை இரண்டே. வடிவப் பொருத்தம் வேறு கேள்வி கேட்கிறது: ‘வந்திருப்பது எந்த வடிவில் இருக்கிறது? அதன் உறுப்புகள் எவை?’ வடிவைச் சோதிப்பதும் உறுப்புகளைப் பிரித்துப் பெயரிடுவதும் ஒரே செயலில் நடக்கின்றன.

தமிழ்வழியில் படித்த எவருக்கும் இது புதிதன்று. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ‘வந்தான்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி உறுப்பிலக்கணம் கேட்பார்கள். ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம், ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம், ‘த்’ இறந்தகால இடைநிலை, ‘ஆன்’ ஆண்பால் வினைமுற்று விகுதி. அப்போது நாம் செய்தது வடிவப் பொருத்தமே. சொல்லை ஓர் அச்சில் வைத்துப் பார்க்கிறோம். அச்சின் ஒவ்வொரு குழியிலும் விழுந்ததற்கு ஒரு பெயர் வைக்கிறோம். ‘முதலில் ஒரு பகுதி, கடைசியில் ஒரு விகுதி, நடுவில் எத்தனை உறுப்பு வந்தாலும் சரி’ என்று பைத்தானில் இன்று ஒரே வரியில் எழுதலாம்.

கணினி உலகிலும் இது பழைய சரக்கு. சரங்களில் வடிவம் தேடும் ஸ்னோபால் மொழி 1960களிலேயே பெல் ஆய்வகத்தில் பிறந்தது. எடின்பரோவில் உருவான ஹோப், எம்.எல். முதலிய மொழிகளில் தரவின் வடிவைக் கொண்டு கிளை பிரிப்பது இயல்பான எழுத்துமுறையாயிற்று. அங்கிருந்து ஹாஸ்கெல், ஸ்காலா வழியாக ரஸ்டுக்கும் ஸ்விஃப்டுக்கும் வந்தது. பைத்தான் நெடுநாள் தயங்கியது. கிளைபிரிக்கும் ‘ஸ்விட்ச்’ தொடர் வேண்டும் என்று அதன் ஆசிரியர் கைடோ வான் ரோசமே எழுதிய முன்மொழிவு, 2007ஆம் ஆண்டுப் பைக்கான் கூட்டத்தில் ஆதரவின்றிக் கைவிடப்பட்டது. 2021 அக்டோபரில் வந்த 3.10ஆம் பதிப்பில்தான் ‘மேட்ச்’, ‘கேஸ்’ என்னும் சொற்கள் பைத்தானுக்குள் நுழைந்தன. ஜாவாவில் 2023இல் வெளியான 21ஆம் பதிப்பில் இவ்வசதி நிலைபெற்றது.

என் நான்கு வரியை இம்முறையில் எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

மாவட்டத்தைப் பொருத்துக
  சித்தூர் → ஆந்திரத் தமிழ்
  திருவள்ளூர் → தமிழகத் தமிழ்

வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் இங்கே ‘இல்லையெனில்’ இல்லை. மாவட்டம் என்பது இன்னின்ன மதிப்புகளை மட்டுமே கொள்ளும் வகை என்று ரஸ்டிலோ ஸ்விஃப்டிலோ அறிவித்திருந்தால், அந்தப் பட்டியலில் ‘திருப்பதி’ என்று ஒன்றைச் சேர்த்த மறுகணமே கம்பைலர் நிரலை ஓட்ட மறுத்துவிடும். ‘திருப்பதிக்கு விடை சொல்லவில்லை’ என்று வரி எண்ணோடு சுட்டும். பிழை நடந்தபின் வரைபடத்தில் முகம் காட்டியிராது. நடக்குமுன்னரே வாசலில் நின்றிருக்கும். முழுமைச் சோதனை என்று இதற்குப் பெயர். வடிவப் பொருத்தத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

*

மொழியியலாருக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும்? நாம் கையாளும் பொருள்கள் மெய், பொய் என்னும் இரண்டில் அடங்குவன அல்ல, அவை பாகுபாடுகள். எங்கள் ஊர்க் குழந்தை ஐந்து வயதுக்குள் கற்றுக்கொள்ளும் ஒரு பாகுபாட்டை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘வா’ என்னும் வினையின் இறந்தகால முற்று, படர்க்கையில்:

(உயர்திணை, ஆண், ஒருமை) → வந்தான்
(உயர்திணை, பெண், ஒருமை) → வந்தாள்
(உயர்திணை, எதுவும், பன்மை) → வந்தார்கள்
(அஃறிணை, எதுவும், ஒருமை) → வந்தது
(அஃறிணை, எதுவும், பன்மை) → வந்தன

தெலுங்கில் அதே வினை:

(உயர்திணை, ஆண், ஒருமை) → வச்சாடு
(உயர்திணை, பெண், ஒருமை) அல்லது (அஃறிணை, எதுவும், ஒருமை) → வச்சிந்தி
(உயர்திணை, எதுவும், பன்மை) → வச்சாரு
(அஃறிணை, எதுவும், பன்மை) → வச்சாயி

இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தால் எவ்விளக்கமும் இன்றி ஒன்று தெரிகிறது. தெலுங்கில் ஒருமைப் பெண், வினைமுடிபில் அஃறிணையோடு ஒரே வரியில் நிற்கிறாள். பன்மையில் மனிதரோடு சேர்ந்துவிடுகிறாள். தெலுங்கு இலக்கணிகள் மஹத், அமஹத் என்று பேசுவது இதைத்தான். இதையே ‘இஃப்’ தொடர்களால் எழுதினால் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு படிகள் இறங்க வேண்டும். இரண்டு மொழிகளின் வேற்றுமை அந்தப் படிக்கட்டுகளுக்குள் புதைந்துபோகும். வடிவங்களாக எழுதும்போது நிரலே இலக்கண நூலின் பக்கம் போல் இருக்கிறது. நிரல் அறியாத என் நெறியாளர்கூட அதைப் படித்துப் பிழை சொல்ல முடிகிறது. ஆய்வில் இது சிறிய இலாபமன்று. பிறர் சரிபார்க்க இயலாத நிரல் பிறர் சரிபார்க்க இயலாத வாதத்துக்குச் சமம்.

மேலே உள்ள தமிழ்ப் பட்டியலில் ஒரு குறை இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். ‘தாத்தா வந்தார்’ என்பதற்கு அதில் இடமில்லை. ஆள் ஒருவர், முடிபு மரியாதைக்குரியது. நான் முதலில் எழுதியபோது இதை மறந்தேன். எண் என்னும் வகைக்குள் ஒருமை, பன்மை என்ற இரண்டோடு ‘மரியாதை ஒருமை’ என்று மூன்றாவதைச் சேர்த்தேன். சேர்த்தவுடன், அதைக் கருதாமல் நான் எழுதியிருந்த இடங்களையெல்லாம் கம்பைலர் ஒவ்வொன்றாகச் சுட்டிற்று. தேர்வுத்தாளைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியர் போல. பழைய ‘இஃப்’ தொடரில் தாத்தா எங்கே போயிருப்பார்? ‘ஒருமை இல்லையெனில் பன்மை’ என்ற வரியில் விழுந்து பலராகியிருப்பார்.

*

வடிவம் மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் பகுதித் தரவில் வந்த ஒரு சொல் எனக்கு நல்ல பாடம் கற்பித்தது. அது ‘வச்சாரு’.

கோயில் புஷ்கரிணிப் படியில் அமர்ந்து ஒரு மூதாட்டியிடம் பேசிப் பதிந்த ஒலியில் இச்சொல் இருமுறை வருகிறது. ஓரிடத்தில் ‘பூசாரி விளக்கு வச்சாரு’. இது தமிழ், வைத்தார் என்பதன் பேச்சு வடிவம். சற்றுத் தள்ளி, தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுப் பெண் குறுக்கே வர, மூதாட்டி அவளிடம் திரும்பி, ‘வாள்ளு வச்சாரு’ என்கிறார். இது தெலுங்கு, அவர்கள் வந்தார்கள் என்று பொருள். ஒலியளவில் இரண்டும் ஒன்றே. ‘ஆரு’ என்று முடிந்தால் தமிழ் மரியாதை முற்று என்று ஈற்றை மட்டும் பார்த்த என் நிரல், இரண்டாவதையும் தமிழில் சேர்த்து, ‘வை’ என்னும் வினையின் கணக்கில் எழுதிக்கொண்டது.

மூதாட்டிக்கு இந்தக் குழப்பம் ஒரு நொடியும் இல்லை. அவர் சொல்லைத் தனியே கேட்பதில்லை. யாரிடம் பேசுகிறோம், முன்னால் வந்தது என்ன சொல், பின்னால் வருவது என்ன என்ற அனைத்தையும் ஒருசேரப் பொருத்துகிறார். ஆகவே நிரலிலும் பொருத்த வேண்டியது ஈறு அன்று. (முன்சொல்லின் மொழி, ஈறு) என்னும் இணை. ‘தெலுங்கு, ஆரு’ என்றால் ஒன்று. ‘தமிழ், ஆரு’ என்றால் மற்றொன்று. முன்சொல்லின் மொழியை உறுதிசெய்ய முடியாத இடங்களுக்கு ‘ஐயம்’ என்று மூன்றாவது வடிவம் வைத்தேன். அவை என் கண்பார்வைக்கு வரும். இணைகளையும் மும்மைகளையும் ஒரே பார்வையில் வைத்துக் கிளை பிரிப்பது வடிவப் பொருத்தத்துக்கு எளிது. அவ்வெளிமைதான் சரியான கேள்வியைக் கேட்க எனக்குத் துணிவு தந்தது.

*

அடுத்து, வரிசை. நன்னூலின் உடம்படுமெய் நூற்பாவை நிரலாக்க முயன்ற எவரும் ஒருமுறை இடறியிருப்பார்கள். விதி நாம் அறிந்ததுதான். நிலைமொழி இ, ஈ, ஐ என முடிந்து வருமொழி உயிரில் தொடங்கினால் யகரம் தோன்றும்: மணியடித்தது, தீயெரிந்தது, பனையோலை. ஏனை உயிர்களின் பின் வகரம்: பலாவிலை, பூவழகு. ஏகாரத்தின் பின் இரண்டும் வரலாம்: சேயடி, சேவடி. பவணந்தியார் இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்கிறார்.

இவ்வரிசையை அப்படியே நிரலில் பெயர்த்தால் மூன்றாவது விதி ஒருபோதும் இயங்காது. வடிவங்கள் மேலிருந்து கீழாகச் சோதிக்கப்படுகின்றன. இரண்டாம் வரியிலுள்ள ‘ஏனை’ ஏகாரத்தையும் விழுங்கிவிடும். எல்லாவற்றையும் ஏற்கும் வடிவத்தை இடையில் வைத்தால் பைத்தான் அதை இலக்கணப் பிழை என்றே தள்ளும். ரஸ்ட், கீழுள்ள வரியை எட்ட வழியில்லை என்று எச்சரிக்கும். பவணந்தியார் பிழை செய்யவில்லை. மனிதருக்கு எழுதிய இலக்கணத்தில் சிறப்பு விதி எங்கே நின்றாலும் பொது விதியை வெல்லும். பாணினி மரபில் இது அடிப்படைக் கொள்கை. 1973இல் பால் கிபார்ஸ்கி ஒலியனியலில் இதையே ‘பிறவிடத்து’ நெறியாக வகுத்தார். கணினிக்கு எழுதும் நாம் அந்த வெற்றியை வரிசையாக மாற்றித்தர வேண்டும்: சிறப்பு மேலே, பொது கீழே. ‘இஃப்’ தொடரில் இதே தவறைச் செய்திருந்தால் எந்த மொழியும் எச்சரித்திருக்காது.

குற்றியலுகரம் இன்னொரு படி. ‘காசு’, ‘பசு’ இரண்டும் ‘சு’ என்றே முடிகின்றன. ஆனால் காசு + இல்லை, காசில்லை. பசு + இனம், பசுவினம். முன்னதில் உகரம் கெடுகிறது. பின்னதில் நின்று உடம்படுமெய் பெறுகிறது. கடைசி எழுத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது; அதன் முன் தனிக்குறில் மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிவத்தோடு ஒரு காவல் நிபந்தனையையும் சேர்த்து எழுதும் வசதி இதற்காகவே இருக்கிறது. முற்றியலுகரமும் சிலவிடங்களில் கெடும் என்பதால் அங்கே இன்னொரு வடிவம் வேண்டும். விதிகள் பெருகப் பெருகப் பட்டியல் நீள்கிறது, ஆனால் சிக்கலாவதில்லை.

இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை. யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்னும். ஸ்விஃப்ட் மூன்று என்னும். பைத்தான் குறியீட்டுப் புள்ளிகளை எண்ணுகிறது. ஸ்விஃப்ட் நாம் எழுத்து என்று சொல்வதை எண்ணுகிறது. அதைவிடப் பெரிய இடர், ‘பல’ என்ற சொல்லின் ஈற்றிலுள்ள அகரத்துக்கு யூனிகோடில் தனிக் குறியே இல்லை என்பது. கண்ணுக்குத் தெரியாத உயிரை எந்த வடிவம் பொருத்தும்? ஆகவே ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நூலகத்தின் துணையால் சொல்லை முதலில் எழுத்துகளாகவும், பிறகு உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகவும் பிரித்துக்கொண்டு, அதன்பின் பொருத்தத் தொடங்குங்கள்.

*

மறுப்புகளையும் பேச வேண்டும். ‘இஃப் போதும், இது வெறும் அலங்காரம்’ என்று ஆய்வகத் தோழர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒலியின் நீளம் இரண்டு நொடிக்கு மேலா என்று கேட்பதற்கு வடிவப் பொருத்தம் தேவையில்லை. ‘இஃப்’ தான் இயல்பு. ஊர்ப் பெயருக்கு அஞ்சல் எண் என்பது போல நேருக்கு நேர் மாற்றுவதற்கு ஓர் அகராதி அமைப்பே சிறந்தது. தரவின் வடிவம் முடிவைத் தீர்மானிக்கும்போதும், வகைகள் நாளை பெருகக்கூடும் என்னும்போதும் மட்டுமே வடிவப் பொருத்தம் தன் விலையைத் திருப்பித் தருகிறது.

‘பைத்தான் முழுமையைச் சோதிப்பதே இல்லையே’ என்பது அடுத்த மறுப்பு. இதுவும் உண்மை. எந்தக் ‘கேஸ்’ வரியும் பொருந்தாவிட்டால் பைத்தான் பேசாமல் கடந்து போய்விடும். என் நான்கு வரிகளைப் பைத்தானில் வெறுமனே ‘மேட்ச்’ ஆக்கியிருந்தால், புத்தூர்ப் பதிவுகள் தமிழ்நாட்டுக்குப் போவதற்குப் பதில் காணாமலே போயிருக்கும். அதனால் பைத்தானில் கடைசி வரியை எழுதத்தான் வேண்டும். அதில் விடையை வைக்காமல், பிழை எழுப்பும் கட்டளையை வைக்க வேண்டும். 3.11ஆம் பதிப்பில் வந்த ‘அசர்ட் நெவர்’ என்னும் கருவியை அங்கே இட்டால், மைபை போன்ற வகைச் சோதிப்பான்கள் விடுபட்ட வடிவத்தை நிரல் ஓடுமுன்பே காட்டிக்கொடுக்கும்.

பைத்தானில் இன்னொரு குழியும் உண்டு. பைத்தானில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்ற உற்சாகத்தில், ‘சித்தூர்’ என்று ஒரு மாறியை முன்பே வரையறுத்துவிட்டு, கடைசிக் ‘கேஸ்’ வரியில் அந்தப் பெயரை மட்டும் எழுதினேன் என்று வையுங்கள். பைத்தான் அதை ‘சித்தூருக்குச் சமமா?’ என்று படிப்பதில்லை. ‘எது வந்தாலும் அதற்குச் சித்தூர் என்று பெயர் வை’ என்று படிக்கும். திருப்பதியும் திருவள்ளூரும் ஒரு நொடியில் சித்தூராகிவிடும். புள்ளி வைத்த பெயராக, அதாவது ‘மாவட்டம்.சித்தூர்’ என்று எழுதினால்தான் ஒப்பீடு நடக்கும்.

ரஸ்டின் ‘இஃப் லெட்’, ஸ்விஃப்டின் ‘இஃப் கேஸ்’ ஆகியவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பல வடிவங்களில் ஒன்றே நமக்கு வேண்டும் என்றால் அவை மிக வசதி: ‘இவ்வடிவில் இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் கடந்து போ’. ஆனால் அந்தக் கடந்து போதல் மீண்டும் மௌனமே. 2022 நவம்பரில் வந்த ரஸ்ட் 1.65இல் சேர்ந்த ‘லெட் எல்ஸ்’ எனக்கு அதனால்தான் பிடிக்கும். பொருந்தாவிட்டால் என்ன செய்வாய் என்று சொல்லாமல் மேலே போக அது விடாது.

*

தமிழில் நிபந்தனை வினையின் பின்னால் வருகிறது: வந்தால், வரின், வருமெனின். 2009இல் முன்வைக்கப்பட்ட ‘எழில்’ நிரல்மொழி இதைக் கருதியே நிபந்தனையை முதலில் வைத்து ‘ஆனால்’ என்ற சொல்லைப் பின்னால் வைத்தது. நம் மொழி முதலில் பொருளைக் காட்டிவிட்டுப் பிறகே கிளை பிரிக்கும் இயல்புடையது. பொருத்துதலும் அப்படித்தான்: முதலில் வந்தவர் யார் என்று பார், பிறகு முடிவு செய். இந்த ஒற்றுமையை அளவுக்கு மீறி இழுக்க விரும்பவில்லை. கற்பிக்கும்போது பயன்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் பயன்படும் ஒரு சொல் நம் இலக்கண மரபில் இருக்கிறது: புறனடை. இயலின் இறுதியில் நின்று, மேலே சொல்லப்படாதவற்றுக்கு வழி சொல்லும் நூற்பா. நிரல்மொழிகளில் அடிக்கோடிட்டு எழுதும் ‘எதுவும்’ என்னும் கடைசி வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் புறனடை குப்பைக்கூடை அன்று. ‘இங்கே கூறாதன வழக்கில் காணப்பட்டால் அவற்றையும் ஆராய்ந்து ஏற்றுக்கொள்க’ என்பது அதன் நோக்கம். சொல்லாமல் விட்டவை உண்டு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. நாம் நிரலில் எழுதும் ‘மற்றவை’யில் அந்த ஒப்புதல் இல்லை. எஞ்சியவை எல்லாம் ஒன்றே என்று கருதி நாம் கதவைச் சாத்திவிடுகிறோம்.

‘மற்றவை’ என்ற கட்டம் எங்களுக்குப் பழக்கமானது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் பத்தாயிரத்துக்குக் குறைவானவர்கள் பேசும் தாய்மொழிகள் பெயரின்றி ‘மற்றவை’யில் அடைக்கப்படுகின்றன. அவ்வளவு பெரிய கணக்கில் எங்கேனும் கோடு போட்டாக வேண்டும் என்பதை ஏற்கிறேன். தமிழுக்கு அந்த நிலை இல்லை. ஆனால் எல்லையோரத் தமிழுக்கு வேறு வகையில் உண்டு. தமிழகத்துத் தரவுத் தொகுப்புகளில் எங்கள் பேச்சு ‘கொச்சை’. தெலுங்குத் தொகுப்புகளில் ‘அரவம்’. இரண்டிலும் ‘இல்லையெனில்’ கிளையில்தான் விழுகிறோம். நாளை பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இந்தத் தரவுகளைக் கொண்டே பயிற்றப்படும். கார்வேட்டிநகரத்து மூதாட்டி ரேஷன் கடையிலோ மருத்துவமனையிலோ ஒரு கருவியின் முன் பேசும்போது, அவர் ‘வச்சாரு’ என்றது வைத்தாரா வந்தாரா என்று அதற்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லவாவது தெரிய வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டு நம்பிக்கையோடு மேலே போகும் கருவியே எல்லாவற்றிலும் கேடு.

என் வரைபடத்தைத் திருத்திவிட்டேன். புத்தூர் தன் இடத்துக்குத் திரும்பியது. படம் நான் கேட்ட பேச்சோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஒத்துப்போவதாலேயே அது சரி என்று இப்போது நம்புவதில்லை. படம் என் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்ததால் தேடினேன். பிழை என் எதிர்பார்ப்பின் பக்கம் சாய்ந்திருந்தால் தேடியிருக்க மாட்டேன். ஆய்வேட்டில் அச்சாகி, நாளை ஒருவர் மேற்கோள் காட்டியிருப்பார். அதை நினைக்கும்போதுதான் அச்சமாக இருக்கிறது.

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரல்களைத் திறந்து ‘எல்ஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, ‘இங்கே வந்து விழக்கூடியவர்கள் யார் யார்?’ என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடிந்தால் அவர்களுக்குத் தனி வரி எழுதுங்கள். முடியாவிட்டால் அவ்விடத்தில் விடை எழுதாதீர்கள். நிரல் நின்று உங்களைக் கேட்கட்டும். ஒரு மாலை நேர வேலைதான். எனக்கு அந்த மாலை ஆறு ஆண்டுகள் தாமதமாக வந்தது.